கருவாலித் தளமும் கால் அங்குலமும்

சில மாதங்களுக்கு முன் ஓரிரவு, கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். 1983ஆம் ஆண்டின் பின் நம் நாட்டை விட்டுச் சென்ற குடும்பங்களுள் அவனுடைய பெற்றோரின் குடும்பமும் ஒன்று. நெடுங்காலம் வாடகை வீடுகளில் இருந்த அவன், அப்போதுதான் பழைய வீடு ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தான். "மாமா, முன் அறையிற் கிடந்த கம்பளத்தை இன்று உரித்தோம். அடியிலே முழுவதும் ஓக் பலகை. ஆனால் யன்னலோரத்தில் யாரோ கறுப்பு மையைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் தேய்த்துவிடப் போகிறேன். ஞாயிறு பின்னேரத்துக்குள் சாயமும் பூசி முடித்துவிடலாம் அல்லவா?" என்று கேட்டான். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பிள்ளை பிறக்குமுன் வீடு ஒழுங்காகிவிட வேண்டும் என்ற அவசரம் அவன் குரலிலே தெரிந்தது.

இளமையில் இங்கிலாந்திலே தச்சுத்தொழில் பயின்றபோது இத்தகைய தளங்களிற் கைவைத்துப் பழகியவன் நான் என்பதாற்றான் என்னிடம் கேட்டான். நான் சொன்ன மறுமொழி இதுதான்: "தம்பி, சனிக்கிழமை ஒன்றும் செய்யாதே. முதலில் அந்தப் பலகை எப்படிப்பட்டது என்று அறிந்துகொள்." அன்றும் அதன் பின்னரும் அவனுக்குச் சொன்னவற்றையே இன்று ஒழுங்குபடுத்தி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வெளிநாட்டில் உற்றார் உள்ள நேயர்களுக்கு இது நேரே பயன்படலாம். மற்றையோருக்கு, மரத்தோடு பழகும் முறை ஒன்றையாவது இப்பேச்சு உணர்த்தும்.

ஓக் என்று ஆங்கிலேயர் சொல்லும் மரத்தைத் தமிழிற் கருவாலி என்பர். நமது நாட்டில் இயல்பாக வளரும் மரமன்று அது. ஆயினும் அதன் பொருளொன்று நம் பாட்டிமாரின் மருந்துப் பெட்டியில் எப்பொழுதும் இருந்தது. மாசிக்காய் என்று நாட்டு மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அது உண்மையில் ஒரு காயன்று. மேற்காசியாவில் வளரும் ஒருவகைக் கருவாலி மரத்தின் கொப்பிலே சிறு குளவியொன்று முட்டையிடும்போது, அம்முட்டையைச் சுற்றி மரம் உருட்டித் தரும் முடிச்சே மாசிக்காய். அதனை நாவில் வைத்தால் வாய் சுருங்கும்படி துவர்க்கும். அத்துவர்ப்புக்குக் காரணம் தனின் என்னும் சத்து. தேயிலைச் சாயத்தைத் துவர்க்கச் செய்யும் பொருள்களும் இதற்கு உறவினவே. முடிச்சில் மிகுந்திருக்கும் இச்சத்து, கருவாலி மரத்தின் பலகையிலும் நிறைய உண்டு.

இந்தத் தனின் இரும்போடும் ஈரத்தோடும் சேருமானால் கருநீல நிறமான ஒரு சேர்க்கை உண்டாகும். ஐரோப்பாவிலே பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்பட்ட மை, மாசிக்காய்ச் சாற்றில் இரும்பின் உப்பைக் கலந்து செய்யப்பட்டதே. எனவே, "யாரோ மை கொட்டியிருக்கிறார்கள்" என்று என் மருமகன் சொன்னது ஒருவகையிற் சரி. ஆனால் அதைக் கொட்டியவர் ஒருவருமில்லை. யன்னலோரத்திற் பூச்சாடி இருந்திருக்கும். அதிலிருந்து கசிந்த நீர் பலகையில் ஊறியிருக்கும். சாடியின் இரும்புத் தட்டோ கம்பளத்தைப் பிடித்த ஆணியோ துருப்பிடித்துச் சிறிது இரும்பைக் கொடுத்திருக்கும். மரம் தன்னிடமிருந்த துவர்ச்சத்தைக் கொடுத்தது. மூன்றும் சேர்ந்து, பலகைக்குள்ளேயே மை உண்டாகிவிட்டது. இதனை அறியாதவர் கறை போகும்வரை தேய்த்துக்கொண்டே போவர். கறை ஆழமாக இறங்கியிருப்பின் பலகைதான் பள்ளமாகும். அறிந்தவரோ இதற்கு வேறு மருந்து உண்டென்பதை நினைவிற் கொள்வர். அம்மருந்தைப் பின்னர் சொல்கிறேன்.

வட அமெரிக்காவின் வீடுகளிற் காணப்படும் கருவாலி பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று சிவப்புக் கருவாலி, மற்றையது வெள்ளைக் கருவாலி. சிவப்பின் பலகையில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். அதன் நீர்க்குழாய்கள் திறந்தே கிடப்பன. சிறு துண்டொன்றின் ஒரு முனையை நீரில் வைத்து மறு முனையில் வாய்வைத்து ஊதினால் நீரிலே குமிழி எழக் காணலாம். வெள்ளைக் கருவாலியின் குழாய்களோ நுண்ணிய சவ்வுகளால் அடைபட்டவை. ஆதலாற்றான் சாராயப் பீப்பாய்களையும் கப்பல்களையும் அதனாற் செய்தனர். 1765இல் நீரில் இறக்கப்பட்டு, இன்றும் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிற்கும் நெல்சனின் விக்டரி என்னும் கப்பலின் உடலும், திறந்த குழாய்கள் இல்லாத ஐரோப்பியக் கருவாலியால் ஆனதே. கடினத்தை அளக்க ஓர் உருக்குக் குண்டைப் பலகையிற் பாதியளவு அமிழ்த்துவதற்கு வேண்டிய விசையைப் பார்ப்பர். சிவப்புக்கு அது ஏறத்தாழ 1290 இறாத்தல், வெள்ளைக்கு 1360 இறாத்தல். இவ்வளவு உறுதியும் மலிவும் ஒருங்கே இருந்தமையால், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் கட்டிய எண்ணற்ற வீடுகளுக்கு இதுவே தளமாயிற்று. இரண்டாம் உலகப் போரின் பின் சுவருக்குச் சுவர் கம்பளம் விரிக்கும் நாகரிகம் பரவியபோது, அத்தளங்கள் பல கம்பளத்தின் அடியில் மறைந்து போயின.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். இத்தளத்தின் பலகை வழக்கமாக முக்கால் அங்குலத் தடிப்புடையது. ஒரு பலகையின் பக்கத்தில் நீண்டிருக்கும் நாக்கு, அடுத்த பலகையின் காடிக்குள் நுழைந்திருக்கும். அந்த நாக்கின் வழியாகவே ஆணியை மறைவாக அடித்திருப்பர். ஆகவே நாக்குக்கு மேலேயுள்ள பகுதியை மட்டுமே நாம் தேய்க்கலாம். அது ஏறக்குறையக் கால் அங்குலம். அதற்குக் கீழே போனால் காடியின் உதடு மெலிந்து பிளக்கும், ஆணித்தலைகள் வெளியே தோன்றும். பெரிய இயந்திரத்தால் ஒருமுறை முழுமையாகத் தேய்க்கும்போது அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்களவு போய்விடும். கைபழகாதவர் தேய்த்தால் இன்னும் கூடப் போகும். இக்கணக்கின்படி ஒரு நல்ல தளம் தன் ஆயுள் முழுவதிலும் சில தடவைகளே தேய்ப்பைத் தாங்கும். அவற்றுள் எத்தனையை முன்னிருந்தோர் செலவழித்துவிட்டனர் என்பது புதிதாக வீடு வாங்கியவருக்குத் தெரியாது.

வணிகத்தில் வட்டியைச் செலவழிக்கலாம், முதலைத் தொடலாகாது என்பார்கள். மேற்பூச்சு வட்டி போன்றது. அது தேயும், மீண்டும் பூசலாம். மரமோ முதல். தேய்த்தது திரும்பாது. எனவே பலகைத் தளத்தைப் புதுப்பிக்கும் கலை, எவ்வளவு குறைவாக எடுத்து எவ்வளவு நன்றாக ஆக்கலாம் என்பதிலேயே தங்கியுள்ளது.

முதலைக் கணக்கிட வழி எளிது. சூடான காற்று வரும் தரைச் சல்லடையைக் கழற்றினால் பலகையின் குறுக்கு வெட்டு தெரியும். நாக்குக்கு மேல் எவ்வளவு மீந்துள்ளது என்று அளந்து பார்க்கலாம். சில பழைய வீடுகளில் முக்கால் அங்குலத்தின் பாதியளவே தடிப்புள்ள மெல்லிய பலகைகளை மேலிருந்து ஆணியடித்துப் பதித்திருப்பர். பிற்காலத்து வீடுகளில் ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய கருவாலித் தகடு மாத்திரம் ஒட்டியிருக்கவும் கூடும். இவற்றைக் கனத்த இயந்திரத்தாற் தேய்ப்பது, புத்தகத்தின் தூசியைத் தட்டப்போய் அட்டையைக் கிழித்தெடுப்பது போலாகும்.

அடுத்து, மேற்பூச்சின் நிலையைச் சோதிக்க வேண்டும். நடமாட்டம் மிகுந்த இடத்தில் ஒரு துளி நீர் விடுங்கள். முத்துப்போல் உருண்டு சில நிமிடம் அப்படியே நிற்குமானால் பூச்சு இன்னும் உயிரோடிருக்கிறது. மெல்ல ஊறுமானால் பூச்சு மெலிந்துவிட்டது. உடனே உறிஞ்சப்பட்டு அவ்விடம் கறுக்குமானால் மரம் வெறுமையாகக் கிடக்கிறது. முதலிரு நிலைகளிலும் மரத்தைத் தொடாமல், பழைய பூச்சின் முகத்தை மட்டும் நுண்ணிய வலைத்தாளால் மங்கச்செய்து அதன்மேல் புதிதாக ஒரு பூச்சுக் கொடுத்தாற் போதும். பல அறைகள் இவ்வளவிலேயே புதுமை பெற்றுவிடும்.

அதற்குமுன் பழைய பூச்சு எது என்று தெரிய வேண்டும். மெதிலேற்றட் ஸ்பிரிட் சிறிது தடவியதும் பிசுபிசுத்துக் கரைந்தால் அது அரக்கு. அரக்குப்பூச்சிகள் மரக்கொப்பிற் சுரக்கும் பிசின், இந்தியாவிலிருந்து உலகெங்கும் சென்று பல தலைமுறைகளாக மேனாட்டுத் தளங்களுக்கு மெருகு தந்தது. தீந்தை கரைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியில் மஞ்சள் நிறப் பசை ஏறினால் அது மெழுகு. மெழுகின் மேல் இக்காலத்துப் பொலியுரித்தேன் பூச்சு ஒட்டாது. சில மாதங்களில் உரிந்து வரும். மெழுகிட்ட தளத்தை மீண்டும் மெழுகிட்டே பேணலாம், அல்லது மெழுகை முற்றாக நீக்கிய பின்னரே வேறு பூச்சை எண்ணலாம்.

இச்சோதனைகளின் பின்னும் தேய்த்தே ஆகவேண்டும் என்று தெரிந்தால், முதலிற் கேட்கவேண்டியது இத்தூசி யாருடைய சுவாசத்தில் போகும் என்பதாகும். பழைய வீடுகளின் தீந்தையில் ஈயம் கலந்திருந்தது. வீட்டினுள்ளே பூசும் தீந்தையில் ஈயத்தைக் கனடா 1976இல் மட்டுப்படுத்தியது. ஐக்கிய அமெரிக்கா வீட்டுத் தீந்தையில் அதனை 1978இல் தடைசெய்தது. அக்காலத்துக்கு முற்பட்ட வீடாயின், தளத்தின் ஓரங்களிலும் படிகளிலும் சிந்திய தீந்தையும், சில வேளைகளில் பழைய வார்னிஷும் ஈயத்தைக் கொண்டிருக்கலாம். ஈயத் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கருவிலிருக்கும் சிசுவையும் அது சென்றடையும். இதன் பாதுகாப்பான அளவு இன்னதென்று ஒன்றுமில்லை. எனவே சிறு துண்டொன்றைச் சுரண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய பின்னரே இயந்திரத்தைத் தொட வேண்டும். ஈயம் உண்டென்று தெரிந்தால், அவ்வேலையை அதற்கென அனுமதி பெற்றோரிடம் விடுவதே அறிவுடைமை. பலகையின் மேல் ஒன்பது அங்குலச் சதுரமான பழைய ஓடுகளோ அவற்றை ஒட்டிய கரிய பசையோ இருந்தால், அவற்றிற் கல்நார், அதாவது அஸ்பெஸ்ரஸ், இருக்கக்கூடும். அவற்றை ஒருபோதும் தேய்க்கலாகாது.

கருவாலியின் சொந்தத் தூசியும் தீங்கற்றதன்று. இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரம் கதிரை செய்யும் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே 1960களில் எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்னும் பெண் மருத்துவர், அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோய் தளபாடத் தொழிலாளரிடையே மிகுந்து வருவதைக் கவனித்தார். டொனால்ட் அச்செசன் முதலியோருடன் சேர்ந்து அவர் நடத்திய ஆராய்ச்சி 1968இல் வெளியாயிற்று. கருவாலி, பீச் போன்ற வன்மரங்களின் தூசியே காரணமென்று பின்னர் உறுதியாயிற்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. ஓரிரு நாள் வேலையால் இந்நோய் வருமென்று அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்காகச் சுவாசித்தோர்க்கே அது நேர்ந்தது. ஆயினும் நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசமும், தூசியை உறிஞ்சும் கருவியும், வாயிலிற் கட்டிய பிளாஸ்டிக் திரையும் இன்றி வேலை தொடங்கலாகாது. கருவுற்றவரும் குழந்தைகளும் அந்நாட்களில் வேறு வீட்டில் இருப்பதே நன்று.

தேய்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆணித்தலைகளையும் கம்பளத்தைப் பிடித்த கொக்கிகளையும் முதலில் அகற்றுக, அல்லது உள்ளே தாழ்த்துக. மணற்கடதாசியின் முதுகில் இலக்கம் அச்சிட்டிருக்கும். இலக்கம் குறையக் குறையக் கரடு கூடும். 40இல் தொடங்கி 60, 80, கடைசியில் 100 என்று ஒழுங்காக ஏற வேண்டும். நடுவில் ஒன்றை விட்டுப் பாய்ந்தால், முன்னையது கீறிய கோடுகளைப் பின்னையது அழிக்கமாட்டாது. அக்கோடுகள் அப்போது கண்ணுக்குத் தெரியா. சாயம் ஏறியதும் மழைக்கோடுகள்போற் பளிச்சென்று தெரியும். 120க்கு மேற் போகவும் வேண்டாம். அளவுக்கு மிஞ்சி மெருகேறிய மரம் சாயத்தை ஏற்காது.

உருளையுள்ள பெரிய இயந்திரம் வலிமை மிக்கது, மன்னிக்காதது. நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் தாழ்த்த வேண்டும், நடந்துகொண்டிருக்கும்போதே உயர்த்த வேண்டும். ஒரு கணம் ஓரிடத்தில் நின்றால் அங்கே கிண்ணம்போற் குழி விழும். மரத்தின் இழைப்போக்கிலே சென்று, அதே வழியிற் பின்வந்து, சிறிது விலகி மீண்டும் செல்ல வேண்டும். முன்பின் பழகாதவர்கள் இதனை விடுத்து, தட்டையாகச் சுழலும் இயந்திரத்தை எடுப்பது நல்லது. நேரம் இருமடங்கு ஆகலாம், ஆனால் முதல் அழியாது. சுவரோரத்துக்குச் சிறு ஓர இயந்திரமும், மூலைகளுக்குக் கூரான சுரண்டுதகடும் வேண்டும். ஒவ்வோர் இலக்கம் முடிந்ததும் தூசியை முற்றாக உறிஞ்சிவிட வேண்டும். தப்பிய ஒரு மணல் அடுத்த சுற்றுக்குப் பகைவன்.

பலகைகளுக்கிடையிலான வெடிப்புகளைப்பற்றியும் ஒரு சொல். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வரண்டு பலகை சுருங்கும், வெடிப்புகள் விரியும். கோடையில் ஈரம் ஏற அவை தாமே மூடும். குளிர்காலத்தில் வெடிப்பைக் கண்டு கட்டியான பசையால் நிரப்பினால், கோடையிற் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி அப்பசையை உடைத்துத் தள்ளும். அறையின் ஈரப்பதனை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருப்பதே சிறந்த பரிகாரம்.

இனி அந்தக் கறுப்பு மைக்கறை. தேய்த்தும் போகாத கறைக்கு ஒட்சாலிக் அமிலத்தைக் காய்ச்சாத வெந்நீரிற் கரைத்துத் தடவுவர். காமரங்காயையும் பிலிம்பிக்காயையும் புளிக்கச் செய்வதில் இவ்வமிலத்துக்கும் பங்குண்டு. பிலிம்பிக்காயைத் தேய்த்துக் கத்தியின் துருவை நீக்குவோரும் உண்டல்லவா? அதே தொழிலை இங்கும் அது செய்கிறது. கறுப்பிலுள்ள இரும்பைத் தன்பால் இழுத்து நீரிற் கரையச் செய்கிறது. மரத்தின் இயல்பான நிறம் திரும்புகிறது. பின்னர் நல்ல நீரிற் பலமுறை துடைத்து, முற்றாக உலரவிட வேண்டும். இது நச்சுப்பொருள், கையுறை அவசியம். உலர்ந்து எஞ்சிய தூள் மூக்கிலேறினால் கடுமையாக எரிக்கும். ஆகையால் கழுவாமல் தேய்க்கலாகாது. நாய் பூனைகளின் சிறுநீர்க் கறை இம்மருந்துக்கும் பெரும்பாலும் மசியாது. அவ்விடத்துப் பலகைகளை மட்டும் மாற்றுவதே வழி. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வெறுங் கருவாலியில் இரும்புக்கம்பித் தும்பால் தேய்க்கவே கூடாது. உடைந்து புதையும் நுண்கம்பிகள் ஈரம் பட்டதும் தளம் முழுவதும் கரும்புள்ளிகளாகும்.

சாயமிடுதல் அடுத்த படி. சாயம் அவசியமானதன்று என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். வெறும் தெளிந்த பூச்சே பல தளங்களுக்கு அழகு. நிறம் வேண்டுமென்போர், கருவாலி நிறத்தை ஒரேசீராக ஏற்காது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வோராண்டும் வசந்தத்தில் வளர்ந்த பகுதியிற் பெருந்துளைகளும், கோடையில் வளர்ந்த பகுதியில் அடர்ந்த மரமும் மாறிமாறி இருக்கும். சாயத்தின் நிறத்துகள்கள் துளைகளில் நிறைந்து கறுக்கும், அடர்ந்த பகுதியில் மெல்லெனவே ஏறும். கருவாலியின் அழகிய வரிகள் இவ்வாறு எடுத்துக் காட்டப்படுகின்றன. சிவப்புக் கருவாலியிற் செஞ்சாயம் ஏற்றினால் மேலும் சிவக்கும். அதனை அடக்க விரும்புவோர் சிறிது பச்சைச் சாயலுள்ள கபிலத்தைத் தெரிவர். கடையில் வைத்திருக்கும் மாதிரித் துண்டை நம்பி வாங்குவது பிழை. நமது தளத்திலேயே, அலுமாரி நிற்கும் மூலையொன்றில், தேய்ப்பு, சாயம், மேற்பூச்சு ஆகிய எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் பார்த்த பின்னரே முடிவு செய்யவேண்டும்.

இருண்ட நிறம் வேண்டுமானால், தேய்த்து முடித்த தளத்தை ஈரத்துணியால் ஒரேசீராக நனைத்துப் பல மணி நேரம் உலரவிடுவர். நீர் பட்டதும் இழைகள் எழும்பும், துளைகள் விரியும், சாயம் ஆழமாக ஏறும். அதன் பின் காலடியொன்று பட்டாலும் தடம் விழும். சாயம் பூசுதல் இருவர் வேலை. ஒருவர் தடவிச் செல்ல மற்றவர் சில நிமிடங்களுள் மிகுதியைத் துடைத்துச் செல்ல வேண்டும். துடைக்காமல் விட்ட சாயம் தோல்போல் உலர்ந்து, மேற்பூச்சை ஒட்டவிடாது. சிவப்புக் கருவாலியின் திறந்த குழாய்கள் குடித்த சாயத்தை ஒரு மணி நேரத்தின் பின்னும் சிறுசிறு முத்துக்களாக உமிழும். திரும்ப வந்து துடைக்கவேண்டும்.

பண்டைத் தச்சரிடம் சாயமின்றியே கறுப்பிக்கும் முறையும் இருந்தது. வெள்ளைக் கருவாலித் தளபாடத்தை மூடிய அறையில் வைத்து அமோனியாவின் ஆவியைச் சூழவிட்டால், மரத்தின் தனினே கபில நிறமாக மாறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குஸ்தாவ் ஸ்டிக்லி செய்த தளபாடங்கள் இம்முறையாற் புகழ் பெற்றன. அந்த ஆவி கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கவல்லது. வீட்டிற் செய்யத்தக்கதன்று.

மேற்பூச்சுகளில் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். எண்ணெய் கலந்த பொலியுரித்தேன் தேன்நிறம் தரும், நெடியும் காய்ச்சலும் நீளம். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறக்குறைய ஒரு நாள் செல்லும். நீர் கலந்தது தெளிவானது, சில மணி நேரத்திற் காயும், நெடி குறைவு. தாவர எண்ணெயும் மெழுகும் சேர்ந்த மூன்றாவது வகை அத்துணை உறுதியற்றது. ஆனால் தேய்ந்த இடத்தை மட்டும் தேய்க்காமலே திருத்திக்கொள்ளலாம் என்பது அதன் பெருஞ் சிறப்பு. எதுவானாலும் கைக்குக் காய்ந்தது முற்றாக இறுகியதாகாது. தளபாடங்களைத் தூக்கி வைக்கச் சில நாட்களும், கம்பளம் விரிக்கச் சில வாரங்களும் பொறுக்க வேண்டும்.

வேலை முடிந்ததென்று கை கழுவும் வேளையிலேதான் மிகப் பெரிய ஆபத்து மூலையிற் குந்தியிருக்கும். சாயத்திலும் பூச்சிலும் ஆளிவிதை எண்ணெய் போன்றவை கலந்திருக்கும். அவை நீர் போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து உலர்கின்றன. அவ்வாறு சேரும்போது வெப்பம் பிறக்கிறது. தளத்தில் மெல்லிதாகப் பரந்த எண்ணெயின் வெப்பம் காற்றிலே கலைந்துவிடும். சுருட்டி எறிந்த துணிக்குவியலிலோ அது வெளியேற வழியின்றிச் சேர்ந்து, நெருப்புக்குச்சி இன்றியே தீப்பற்றும். 1991ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் தேதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வன் மெரிடியன் பிளாசா என்னும் 38 மாடிக் கட்டிடத்தின் 22ஆம் மாடியில் மூண்ட தீ இவ்வாறு பிறந்ததே. மரச்சுவர்களுக்கு மெருகிட்டோர் விட்டுச்சென்ற எண்ணெய்த் துணிகளே அதற்குக் காரணம். எட்டு மாடிகள் எரிந்தபின், 30ஆம் மாடியின் தானியங்கு நீர்த்தூவிகளே அதனை நிறுத்தின. தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். கைப்பிடியளவு பழந்துணியின் விளைவு இது.

ஆகையால் எண்ணெய்த் துணிகளை வெளியிலே ஒவ்வொன்றாக விரித்து விறைக்கக் காயவிட வேண்டும். அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள தகரப் பேணியில் அமிழ்த்தி வைக்க வேண்டும். இயந்திரத்தின் தூசிப்பையும் இத்தகையதே. பழைய பூச்சின் தூள் உராய்வின் சூட்டோடு அதனுள் உறங்கும். ஒவ்வொரு நாளும், மதிய இடைவேளையிலும், அதனை வீட்டுக்கு வெளியே வெறுமையாக்க வேண்டும். பூச்சின் ஆவி அறையில் இருக்கும்வரை அடுப்பிலும் சுடுநீர்க் கருவியிலும் சுவாலை எரியலாகாது.

என் மருமகன் அந்தச் சனிக்கிழமை இயந்திரம் எடுக்கவில்லை. நீர்த்துளி வைத்துப் பார்த்தான். மூன்று அறைகளுள் இரண்டில் துளி உருண்டு நின்றது. காற்றுச் சல்லடையைக் கழற்றி அளந்தான். நாக்குக்கு மேல் கால் அங்குலத்தின் பாதிதான் மீந்திருந்தது. முன்னிருந்தோர் ஏற்கெனவே செலவழித்துவிட்டனர். படிகளின் தீந்தைத் துண்டில் ஈயம் உண்டென்று ஆய்வுகூடம் அறிவித்தது. படிகளை உரியவரிடம் விட்டான். மனைவியைத் தமக்கை வீட்டுக்கு அனுப்பினான். இரண்டு அறைகளை மங்கச்செய்து பூசினான். முன் அறையை மட்டும் சுழலும் இயந்திரத்தால் மெல்லத் தேய்த்தான். யன்னலோரத்து மையை அமிலத்தால் அழித்தான். சாயம் இடவில்லை. எல்லாம் முடிய ஏழு வாரமாயிற்று.

சென்ற மாதம் மீண்டும் அழைத்தான். "மாமா, மகள் தவழத் தொடங்கிவிட்டாள். கறை இருந்த இடத்தில் நிழல்போல் ஓர் அடையாளம் இன்னும் தெரிகிறது. அதையும் தேய்த்துவிடவா?" என்றான்.

"இருக்கட்டும் தம்பி," என்றேன். "அந்த அடையாளத்தால் உனக்கு ஒரு குறையுமில்லை. மீந்திருக்கும் பலகையை உன் மகளுக்கு விட்டுவை."

நம் நாட்டு முதிரையும் தேக்கும் பலாவும் வேறு குணமுடையவை. ஆனால் அவற்றுக்கும் முதல் என்பது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பழைய கதவையோ வாங்கையோ அடுத்த முறை புதுப்பிக்கப் போகும்போது, மணற்கடதாசியை எடுக்குமுன் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள்.